பள்ளிக்கு வரும் ஆன்மிகப் பேச்சாளரிடம் மரியாதை குறையாமல் கேள்வி கேட்பது எப்படி?

மழைக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், அரசு உதவி பெறும் பள்ளி, ஊர் பெயர் வேண்டாம். போன வருஷம் எங்கள் பள்ளிக்கு ஒரு ஆன்மிகப் பேச்சாளர் வந்தார். தன்னம்பிக்கை வகுப்பு என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, அம்மா அப்பாவை மதிக்க வேண்டும், செல்போனைத் தள்ளி வைக்க வேண்டும் என்றெல்லாம் பேசினார், பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போனது. ஊனத்தோடு பிறப்பவர்களும் ஏழை வீட்டில் பிறப்பவர்களும் போன பிறவியில் செய்ததைத்தான் இப்போது அனுபவிக்கிறார்கள், அது கர்மக் கணக்கு, டாக்டரால்கூட மாற்ற முடியாது என்றார்.

எனக்கு முன் வரிசையில் என் தோழி உட்கார்ந்திருந்தாள், ஊன்றுகோல் வைத்து நடப்பவள். பேச்சு முடியும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, பக்கத்தில் கிடந்த ஊன்றுகோலைத் துப்பட்டாவால் மூடி மூடி விட்டுக்கொண்டிருந்தாள். என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அதே பேச்சாளர் அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார். இந்தத் தடவை கடைசியில் கேள்வி நேரம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்கணும். ஆனால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்காமல் எப்படிக் கேட்பது? ஹெச்எம் சார் நல்லவர், அவருக்குத் தலைகுனிவு வரக்கூடாது. அப்பா, இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு உட்கார் என்கிறார். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதே நான்தான். கடவுள் உண்டா இல்லையா என்று சண்டை போட நான் வரவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு விஷயத்தைத்தான் கேட்கணும். அது தப்பா?

கரும்பலகை எழுதியது:

தப்பே இல்லைம்மா. நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்த மாதிரிக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பக்கத்திலும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹெச்எம்மை முன்கூட்டியே போய்ப் பார். ஒரு பாடத்தில் சந்தேகம் கேட்கப் போகிற மாதிரிப் போ. 'சார், போன தடவை அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, கேள்வி நேரத்தில் அதைக் கேட்கலாமா' என்று சொல்லிவிடு. பல தலைமையாசிரியர்களுக்குப் பேச்சாளர் என்ன பேசப் போகிறார் என்பதே தெரியாது, யாரோ தெரிந்தவர் சிபாரிசு செய்திருப்பார், இலவசமாக வருகிறார் என்று மேடை கொடுத்துவிடுவார்கள். நீ முதலில் சொல்லிவிட்டால், கூட்டத்தில் அவர் உன் பக்கம் நிற்பதற்கு ஒரு வழி கிடைக்கும். சொல்லாமல் கேட்டால், அவருக்கு விருந்தினரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அடுத்தது கேள்வி. எழுதிக்கொண்டு போ. ஒரே கேள்வி, இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். முதல் வாக்கியத்தில் அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்: 'ஐயா, ஊனம் போன பிறவியின் பலன் என்று போன வருஷம் சொன்னீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?' அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லட்டும், பொறுத்திரு. இல்லை என்றால் அங்கேயே பாதி விஷயம் தீர்ந்தது, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் அவரே மறுத்துவிட்டார். ஆமாம் என்றால், இன்னாருடைய போன பிறவி இப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேள். இதில் கடவுளும் இல்லை, அவருடைய படிப்பும் இல்லை, அவர் சொன்ன சொல் மட்டும்தான் இருக்கிறது.

உன் பெயர் என்ன, யார் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள் என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். பதற வேண்டாம். பெயரைச் சொல், 'கேள்வி என்னுடையதுதான் ஐயா, பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்' என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இரு. உட்காரச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, தமிழ் வாத்தியார் இல்லையா. மணிமேகலை வஞ்சி மாநகருக்குப் போய் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடி, உங்கள் கொள்கை என்ன என்று கேட்பாள். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று ஒரு காதையே அதற்காக இருக்கிறது. போவதற்கு முன்னால் அவளுக்குக் கிடைத்த எச்சரிக்கை என்ன தெரியுமா? 'இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்.' சின்னப் பெண், வளையல் போட்டவள் என்று எவரும் உனக்கு விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள், அதனால் உருவத்தை மாற்றிக்கொண்டு போ என்பது. அவளும் மாதவர் வடிவம் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். அங்கே பூதவாதி, கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன், மறுபிறப்பெல்லாம் மயக்கம் என்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று ஒரே கேள்வியில் மடக்குகிறாள். கவனி, அந்த இடத்தில் மறுபிறவியை நம்புகிறவள் அவள். கேள்வி கேட்பது நம்பாதவர்களின் குணம் மட்டும்தான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதைச் சொல். உனக்கு வேஷம் தேவையில்லை, யூனிஃபார்மோடு போனால் போதும்.

இரண்டாம்பாகம் எழுதியது:

என் மகளும் பிளஸ் ஒன்தான், அதனால் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். அழைத்து வந்த விருந்தினரை மேடையில் வைத்துக் கேள்வி கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தனியாகப் போய்க் கேட்கலாமே, கடிதம் எழுதலாமே. இந்தப் பெண் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும், மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு தைரியம் சொல்வது சுலபம்.

கரும்பலகை எழுதியது:

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதனால்தான் ஹெச்எம்மிடம் முதலில் சொல்லச் சொன்னேன். ஆனால் ஒன்று யோசியுங்கள், அவர் அந்த வார்த்தையைத் தனியாகவா சொன்னார்? அத்தனை பிள்ளைகள் முன்னால், மைக்கில் சொன்னார். தனி அறையில் இவளிடம் மட்டும் அவர் விளக்கம் சொன்னால், துப்பட்டாவால் ஊன்றுகோலை மூடிய பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அவர்களே கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்பது அவமரியாதை ஆகாது.

சட்டக்கல்லூரி எழுதியது:

சுருக்கமாகச் சட்டப் பக்கம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனையே கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டம் 28(1). உங்களுடையது உதவி பெறும் பள்ளி, அதற்கு 28(3) பொருந்தும்: சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்த முடியாது, மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். மதங்களைப் பற்றிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது வேறு, ஒரு மதத்தை நம்பச் சொல்லி போதிப்பது வேறு. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் பேசியிருக்கிறது. தன்னம்பிக்கை வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே கர்மா பேசினால் அது எந்தப் பக்கம் விழும் என்று வாதாடலாம், ஆனால் நீங்கள் அங்கே போய்ச் சட்டம் பேச வேண்டாம், பேச்சு திசைமாறிவிடும். உங்கள் மன உறுதிக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மரியாதை பற்றிக் கேட்டதால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1985-இல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை, அவர்கள் நம்பிக்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மரியாதையாக எழுந்து நின்றதே போதும், பாடவில்லை என்பதற்காக அவமதித்ததாகச் சொல்ல முடியாது என்றது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். ஸ்கூல் பிள்ளைகள்தான், எழுந்து நின்றபடியே உடன்படாமல் இருந்தார்கள்.

இடதுகால் எழுதியது:

தங்கச்சி, உன் பதிவை மூன்று தடவை படித்தேன். எனக்கு வயது 41. ஒன்றரை வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. உன் தோழி ஊன்றுகோலை மூடியது ஏன் என்று எனக்குத் தெரியும், நானும் மூடியிருக்கிறேன். என்ன பாவம் செய்தானோ என்று கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். எங்கள் ஆத்தா அதை நம்பிவிட்டது, அதுதான் எனக்கு வலி. தன்னுடைய ஏதோ ஒரு குற்றம்தான் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று சாகும்வரை கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தது.

நீ கேட்க ஒரு கேள்வி தருகிறேன், எடுத்துக்கொள். 1995-இல் நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முகாம்களைத் தொடங்கினார்கள். ஹௌராவில் 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் நம் நாட்டில் கடைசி. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. என் வயதுக்காரர்களில் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேரைப் பார்க்கலாம், உன் வயதுப் பிள்ளைகளில் போலியோவால் கால் போன ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அப்படியானால் 1980-களில் பிறந்தவர்கள் மட்டும் போன பிறவியில் அத்தனை பாவம் செய்தவர்களா? இரண்டு சொட்டு மருந்து கர்மக் கணக்கைத் தீர்த்துவிட்டதா? இதைத்தான் நான் அவரிடம் கேட்க நினைக்கிறேன், நீ எனக்காகக் கேள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். உன் தோழியிடம் கேட்காமல் அவளை உதாரணமாகக் காட்டாதே. பெயர் சொல்லாவிட்டாலும், 'எங்கள் வகுப்பில் ஒருத்தி' என்று நீ சொன்ன நொடியில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். நல்ல மனதோடு செய்தவர்கள்தான் என்னை அதிகம் கூசவைத்திருக்கிறார்கள். முதலில் அவளிடம் போய், நான் இதைக் கேட்கலாம் என்று இருக்கிறேன், உனக்குச் சரியா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு, அல்லது உன் தம்பியை வைத்துக் கேள், அவன் உன் வீட்டுப் பிள்ளை.

2024-இல் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் பள்ளியில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இதே மாதிரிதான் ஒரு பேச்சாளர் முற்பிறவிப் பாவம் என்று பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அங்கேயே ஆட்சேபித்தார். மேடையில் இருந்தவர் அவரிடமே மல்லுக்கு நின்றார். அந்தக் காணொளி பரவிய பிறகு அமைச்சர் அன்பில் மகேஷ் பள்ளிக்கே வந்து ஆசிரியரைப் பாராட்டினார், பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியரை இடமாற்றம் செய்தார்கள். கைது, இடமாற்றம் எல்லாம் பெரிய செய்தி ஆயின. எனக்கு மனதில் நின்றது அந்த ஆசிரியர் குரலை உயர்த்தி எழுந்து நின்ற அந்த நேரம்தான். என் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவர் எழுந்திருந்தால் நான் வேறு மாதிரி வளர்ந்திருப்பேன்.

திருநீறு எழுதியது:

நான் தினமும் கோயிலுக்குப் போகிறவன், மறுபிறவியும் வினையும் எனக்கு நம்பிக்கை. அதனாலேயே அந்தப் பேச்சாளர் மேல் எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது. வினை என்பது ஒருவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவன் வீட்டுப் பிள்ளையைக் காட்டிச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. அப்பர் சுவாமிகள் சூலை நோயில் துடித்தபோது திருவதிகையில் பாடினது என்ன? 'கூற்றாயினவாறு விலக்ககலீர் கொடுமைபல செய்தன நான் அறியேன்.' தன் வலிக்குத் தன்னைத்தான் சொன்னார், அதிலும் நான் செய்த கொடுமை என்ன என்று எனக்கே தெரியவில்லை என்றார். அப்பருக்கே தெரியாதது இவருக்கு மைக் பிடித்ததும் தெரிந்துவிட்டதா?

பாப்பா, உன் வழியில் கேட்க இன்னொரு கேள்வி. அறுபத்து மூவரில் தண்டியடிகள் நாயனார் திருவாரூர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கயிறு கட்டி அதைத் தடவிக்கொண்டே போய்க் குளத்து மண்ணை வெட்டிச் சுமந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கண் இல்லாதவன் என்று அவரை ஏளனம் செய்தவர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள், சேக்கிழார் அவர்களைப் பெரியவர்களாகக் காட்டவில்லை. சிவன் கோயில் பிராகாரத்தில் தண்டியடிகள் முன்னால் கைகூப்பி நிற்கிறோமே, அவரையும் பாவி என்பீர்களா ஐயா என்று கேள். உனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அவர் உன்னை ஒதுக்க முடியாது, நீ அவருடைய வீட்டுக்குள்ளிருந்தே கேட்கிறாய்.

பழையமாணவன் எழுதியது:

நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளி. அங்கேயும் இதே கதைதான், தியானக் கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியக்காரர், ஜெபம் குறைந்த வீட்டில்தான் நோய் வரும் என்றார். அப்போது எங்கள் அம்மாவுக்குக் கேன்சர். நான் எழுந்து கத்திவிட்டேன், பொய் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது சரியா தப்பா என்று யாருமே பேசவில்லை, நான் கத்தியதை மட்டும்தான் பேசினார்கள். எழுதி வைத்துக்கொண்டு போகச் சொன்ன சாரின் யோசனையை விட்டுவிடாதே.

பல வருஷம் கழித்து யோவான் ஒன்பதாம் அதிகாரம் படித்தேன். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டிச் சீஷர்கள் கேட்கிறார்கள், இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. அன்றைக்கு அது தெரிந்திருந்தால் கத்தாமல் அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அவரிடமே கேட்டிருப்பேன்.

மழைக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கணும். நேற்றுதான் கூட்டம் நடந்தது.

முதலில் தோழியிடம் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம், என்னைச் சொல்லாதே, ஆனால் கேள் என்றாள். ஹெச்எம் சாரிடம் போனேன். போன வருஷம் அவர் அந்த நேரத்தில் சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசுக்குப் போயிருந்தாராம், பேச்சாளர் என்ன பேசினார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடலாம், கேட்கிறவர்கள் விரும்பினால் எழுந்து நின்றும் கேட்கலாம் என்று அவரே மாற்றினார். அப்பாவிடம் இடதுகால் அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் ஒன்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

இந்தத் தடவை அவர் கர்மா பக்கமே போகவில்லை, ஒருவேளை சார் சொல்லியிருக்கலாம். ஆனாலும் நான் எழுந்தேன். கை நடுங்கியது, காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தேன். போன வருஷம் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரியாகப் புரிந்துகொண்டேனா ஐயா என்றேன். பெரியவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றார். அப்புறம் போலியோ கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு, மருந்தும் இறைவன் கொடுத்ததுதானே அம்மா என்றார். அப்படியானால் மருந்து வருவதற்கு முன்னால் பிறந்தவர்கள் மேல் என்ன குற்றம் ஐயா என்று கேட்டேன், அது நான் எழுதிக்கொண்டு போகாத கேள்வி. அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை, நல்ல கேள்வி, நிறையப் படி என்றார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஹெச்எம் சார் துண்டுச்சீட்டுகளை எடுத்துப் படித்தார். மூன்றாவது சீட்டில், பார்வை இல்லாத தண்டியடிகள் நாயனார் என்ன பாவம் செய்தார் என்று இருந்தது, பெயர் எழுதவில்லை. பேச்சாளர், நாயனார்களை நாம் அப்படிப் பார்க்கக் கூடாது என்றார். அப்ப எங்களை மட்டும் அப்படிப் பார்க்கலாமா ஐயா என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. என் தோழிதான். ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றிருந்தாள்.